கஞ்சா உடலுக்குள் என்ன செய்கிறது? மூளை தானே உருவாக்கும் கன்னாபினாய்டுகள் தரும் விடை

கஞ்சாவைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர்மாறான செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. கடும் வலிப்பு நோயால் அவதிப்படும் குழந்தைகளுக்கு அதிலிருந்து எடுத்த மருந்து பலன் தருகிறது என்கிறது ஒன்று. தினமும் புகைக்கும் இளைஞர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்கிறது மற்றொன்று. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் ஆணையம், 1961ஆம் ஆண்டு போதைப்பொருள் ஒப்பந்தத்தின் நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்ற வாக்குகளில் நீக்கியது. ‘உலகம் கஞ்சாவை அனுமதித்துவிட்டது’ என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். உண்மையில் கஞ்சா அதே ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இன்றும் கட்டுப்பாட்டுக்குள்தான் இருக்கிறது. மருத்துவப் பயன் ஏறக்குறைய இல்லாதவை என்று கருதப்பட்ட பொருள்களின் வரிசையிலிருந்து அது வெளியே வந்தது, அவ்வளவே.

இந்தச் செய்திகள் எல்லாமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். கஞ்சா பல சேர்மங்களின் கலவை. அவை போய்ச் சேரும் இடமோ, உடல் தனக்காக நடத்திவரும் மிக நுட்பமான ஓர் ஏற்பாடு. ‘நம் மூளையிலேயே கஞ்சாவுக்கான ஏற்பிகள் (குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொண்டு செயல்படும் புரதங்கள்) இருக்கின்றன, ஆகவே அது இயற்கையானது, தீங்கற்றது’ என்ற வாதம் இணையத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. வாதத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி முதல் பாதியிலிருந்து பிறக்கவே இல்லை. ஏன் என்று புரிய, வேதியியலிலிருந்து தொடங்க வேண்டும்.

செடியில் இருப்பவை

கஞ்சாச் செடியின் பெண் பூக்களை மூடியிருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களில் பிசின் ஊறுகிறது. அந்தப் பிசினில் ‘கன்னாபினாய்டு’ எனப்படும் வகையைச் சேர்ந்த சேர்மங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் பெரும்பாலான செய்திகளைப் புரிந்துகொள்ளலாம். ஒன்று டெல்டா-9-டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டிஎச்சி. போதை தருவது இதுதான். இன்னொன்று கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி. இது போதை தருவதில்லை.

இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். டிஎச்சியில் மூடியிருக்கும் ஒரு வளையம் சிபிடியில் திறந்திருக்கிறது. இந்தச் சிறு வடிவ வேறுபாடுதான் ஒன்றைப் போதைப்பொருளாகவும் மற்றொன்றை வலிப்பு மருந்தாகவும் ஆக்கியிருக்கிறது.

பச்சைச் செடியில் டிஎச்சி அப்படியே இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பகுதி அதன் அமில வடிவமே உள்ளது. அதற்குப் போதை தரும் ஆற்றல் இல்லை. சூடேறும்போது அந்த அமிலம் ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறை இழந்து டிஎச்சியாக மாறுகிறது. புகைப்பதும் சமைப்பதும் இந்த மாற்றத்தைத்தான் நிகழ்த்துகின்றன.

ஏற்பியைத் தேடிய நூற்றாண்டு

ஓபியத்திலிருந்து மார்ஃபின் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்கப்பட்டது. கோகோ இலையிலிருந்து கோக்கெய்ன் 1860ஆம் ஆண்டை ஒட்டிக் கிடைத்தது. கஞ்சாவின் போதைப்பொருள் அடையாளம் காணப்படவோ 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும் டிஎச்சியைத் தூய வடிவில் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டார்கள். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம், அது எளிதில் படிகமாகும் பொருள் அல்ல என்பதே. ஒட்டும் எண்ணெயாக, தன்னைப் போன்ற டஜன்கணக்கான சேர்மங்களோடு கலந்தே அது கிடைக்கிறது.

அந்த எண்ணெய்த்தன்மை இன்னொரு தவறான முடிவுக்கும் வழிவகுத்தது. டிஎச்சி கொழுப்பில் நன்றாகக் கரையும். நரம்பணுக்களின் சவ்வும் கொழுப்பால் ஆனது. ஆகவே அது சவ்வுக்குள் கரைந்து பொதுவான ஒரு குலைவை உண்டாக்குகிறது, தனியாக ஏற்பி எதுவும் தேவையில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் இந்த மூலக்கூறுகளின் கண்ணாடிப் பிம்ப வடிவங்களைச் சோதித்தபோது, ஒரு வடிவம் வலுவாக வேலை செய்தது. அதன் பிம்பம் ஏறக்குறைய செயலற்றுக் கிடந்தது. இரண்டும் கொழுப்பில் ஒரே அளவுதான் கரையும். அப்படியானால், வடிவத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் ஒரு புரதம் உடலில் இருந்தே ஆக வேண்டும்.

1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும் எலியின் மூளையில் அந்த ஏற்பி இருப்பதைக் காட்டினார்கள். 1990இல் அதன் மரபணு படியெடுக்கப்பட்டது. அதற்கு சிபி1 என்று பெயர். 1993இல் சிபி2 என்ற இரண்டாவது ஏற்பி கிடைத்தது. இது பெரும்பாலும் நோயெதிர்ப்பு அணுக்களில் காணப்படுகிறது, அழற்சியைக் கட்டுப்படுத்துவதில் பங்கேற்கிறது.

ஏற்பி ஒன்று உடலில் இருக்கிறதென்றால், அதைப் பயன்படுத்தும் பொருளை உடலே தயாரிக்கிறது என்று பொருள். ஒரு செடிக்காகக் காத்திருக்கும் புரதத்தை எந்த உயிரினமும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவராது. 1992இல் மெக்கூலமின் ஆய்வகத்தில் பன்றியின் மூளையிலிருந்து அத்தகைய முதல் பொருள் கிடைத்தது. ஆனந்தம் என்ற சொல்லையொட்டி அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். 1995இல் இரண்டாவதாக 2-அராக்கிடோனைல்கிளிசரால், சுருக்கமாக 2-ஏஜி, கண்டறியப்பட்டது. மூளையில் ஆனந்தமைடைவிட 2-ஏஜி பல மடங்கு மிகுதியாக இருக்கிறது.

இந்த இரண்டும் ‘அகக் கன்னாபினாய்டுகள்’ எனப்படுகின்றன. இவையும், இவற்றை உருவாக்கும் நொதிகளும், சிதைக்கும் நொதிகளும், இவை இணையும் ஏற்பிகளும் சேர்ந்ததே அகக் கன்னாபினாய்டு அமைப்பு.

பின்னோக்கிப் போகும் செய்தி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க முடியுமென்றால், இதைப் படியுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடைவெளி நரம்பிணைப்பு. வழக்கமாகச் செய்தி ஒரே திசையில் போகிறது. முன்னால் உள்ள அணு ஒரு நரம்புக்கடத்தியை வெளியிடுகிறது, பின்னால் உள்ள அணு அதைப் பெறுகிறது. குளூட்டமேட் என்ற கடத்தி பெறும் அணுவைத் தூண்டுகிறது; காபா என்ற கடத்தி அடக்குகிறது. இவை அணுவுக்குள் சிறு பைகளில் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கும்.

அகக் கன்னாபினாய்டுகள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகின்றன. 2001இல் ஒன்றையொன்று சாராத ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதை நிறுவின. நடப்பது இதுதான்:

1. முன் அணுவிலிருந்து வரும் கடத்தியால் பின் அணு மிகுதியாகத் தூண்டப்படுகிறது. அதற்குள் கால்சியம் பெருகுகிறது.
2. அந்தக் கால்சியம், சவ்வில் உள்ள கொழுப்பை வெட்டும் நொதியை இயக்குகிறது. அந்தக் கணத்தில் 2-ஏஜி உருவாகிறது. சேமிப்பிலிருந்து எடுப்பது அல்ல. தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தில் செய்துகொள்வது.
3. 2-ஏஜி இடைவெளியை எதிர்த்திசையில் கடந்து, முன் அணுவின் முனையில் உள்ள சிபி1 ஏற்பியில் இணைகிறது.
4. சிபி1 அந்த முனையின் கால்சியம் வழிகளை மூடச்செய்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் கடத்திப் பைகள் திறப்பதில்லை. வரத்து குறைகிறது.
5. மோனோஅசைல்கிளிசரால் லைபேஸ் என்ற நொதி 2-ஏஜியைச் சிதைக்கிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

அதாவது, பெறுபவர் அனுப்புபவரிடம் ‘போதும், சற்றுக் குறை’ என்று சொல்லும் வழி இது. சில நரம்பிணைப்புகளில் இதே வழிமுறை நிமிடங்களைத் தாண்டி நீடிக்கும் மாற்றங்களையும் உண்டாக்குகிறது. எந்த இணைப்பு வலுப்பட வேண்டும், எது தளர வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் அதற்குப் பங்கு உண்டு. கற்பதும் மறப்பதும் அதைச் சார்ந்தவை.

சிபி1 தூண்டும் முனைகளிலும் இருக்கிறது, அடக்கும் முனைகளிலும் இருக்கிறது. குளூட்டமேட் முனையில் அது வேலை செய்தால் மூளைப் பகுதி அமைதியாகும். காபா முனையில் வேலை செய்தால், அடக்கும் கை தளர்ந்து, அதே பகுதி கூடுதலாகக் கிளர்ச்சியடையும். எனவே ‘கன்னாபினாய்டு மூளையை அமைதிப்படுத்தும்’ என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்த முனை என்பதைப் பொறுத்தே விளைவு.

உடல் இதை எதற்குப் பயன்படுத்துகிறது

மூளையில் மிகுதியாகக் காணப்படும் ஏற்பிகளில் சிபி1 ஒன்று. அதன் பணிகளும் அதற்கேற்பப் பரந்தவை.

1. பசி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உணவு நாட்டத்தைக் கூட்டுகிறது. பிறந்த எலிக்குட்டிகளுக்கு சிபி1 ஏற்பியை மருந்தால் அடைத்தால் அவை பால் குடிப்பதில்லை. தாய்ப்பாலில் 2-ஏஜி இருக்கிறது.

2. பயத்தை மறப்பது. ஓர் ஒலியோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துப் பழக்கப்படுத்திய எலி, பிறகு அதிர்ச்சியில்லாமல் ஒலியை மட்டும் பலமுறை கேட்டால் படிப்படியாகப் பயத்தை விடுகிறது. சிபி1 இல்லாத எலிகளால் அது முடிவதில்லை என்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. பயத்தைக் கற்க அவற்றால் முடிந்தது, விடத்தான் முடியவில்லை. இந்தத் துறையின் மிக ஆழமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைக் கருதலாம்.

3. மன அழுத்தத்தை அடக்குவது. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலின் சுரப்பு தேவைக்கு மேல் நீடிக்காதபடி நிறுத்தும் பின்னூட்டத்தில் இந்த அமைப்பு பங்கேற்கிறது.

4. வலி. தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்திகளின் ஓட்டத்தைக் குறைக்கிறது.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வரும் இதமான மனநிலைக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று பலகாலம் சொல்லப்பட்டது. 2015இல் எலிகளிடம் செய்த ஆய்வில், எண்டார்ஃபின் வழியை அடைத்தும் அந்த இதம் குறையவில்லை. கன்னாபினாய்டு ஏற்பிகளை அடைத்தபோது குறைந்தது. பாராசிட்டமாலின் வலி நீக்கும் ஆற்றலில் ஒரு பங்குகூட இந்த அமைப்பின் வழியாகவே வருகிறது என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன: பாராசிட்டமாலிலிருந்து உருவாகும் ஒரு பொருளை, ஆனந்தமைடைச் சிதைக்கும் அதே நொதி மூளையில் ஆனந்தமைடின் வழித்தடத்தைத் தொடும் சேர்மமாக மாற்றுகிறது.

டிஎச்சி நுழையும்போது

இப்போது அந்தப் பழைய வாதத்துக்கு வரலாம். டிஎச்சியும் 2-ஏஜியும் ஒரே ஏற்பியில்தான் இணைகின்றன. ஆனால் 2-ஏஜி ஒரு நரம்பிணைப்பில், ஒரு கணத்தில், ஒரு காரணத்துக்காகத் தோன்றி மறைகிறது. டிஎச்சி இரத்தத்தின் வழியே வந்து, சிபி1 இருக்கும் இடங்களையெல்லாம் ஒரே நேரத்தில் அடைகிறது. அகக் கன்னாபினாய்டுகளைச் சிதைக்கும் நொதிகள் டிஎச்சியைத் தொடுவதில்லை. கல்லீரல் அதை மெல்ல மாற்றும்வரை அது நிற்கிறது. தேவையில்லாத ஓர் அறையின் விளக்கை அணைப்பதும், ஊர் முழுக்க மின்னழுத்தத்தைப் பல மணி நேரம் குறைத்துவைப்பதும் ஒன்றாகுமா? ஏற்பி ஒன்றே என்பதால் செயலும் ஒன்றே என்று ஆகிவிடாது.

கஞ்சாவின் விளைவுகள் ஒவ்வொன்றையும் சிபி1 செறிந்திருக்கும் பகுதிகளோடு பொருத்திப் பார்க்கலாம். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் அதன் செயலால் சற்றுமுன் கேட்டது நினைவில் பதிவதில்லை. பேசத் தொடங்கிய வாக்கியத்தின் முடிவு மறந்துபோகிறது. சிறுமூளையிலும் அடித்தள நரம்பு முடிச்சுகளிலும் அது வேலை செய்வதால் உடல் ஒத்திசைவும் எதிர்வினை வேகமும் தளர்கின்றன. வாகனம் ஓட்டுவது ஆபத்தாவது இதனால்தான். ஹைப்போதலாமஸில் பசி கிளர்கிறது. வாந்தியைத் தூண்டும் மையங்களில் குமட்டல் அடங்குகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. எழுந்து நிற்கும்போது சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுகிறது.

குறைந்த அளவில் பதற்றத்தைத் தணிக்கும் அதே பொருள், அளவு கூடும்போது பீதியைக் கிளப்புகிறது. இதை ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். காரணம் மேலே பார்த்த இரு வகை முனைகளில் இருக்கிறது. விலங்காய்வுகளின்படி, குறைந்த அளவின் தணிப்பு குளூட்டமேட் முனைகள் வழியாகவும், கூடுதல் அளவின் பதற்றம் காபா முனைகள் வழியாகவும் வருகிறது.

மூளைத்தண்டில் சுவாசத்தை நடத்தும் மையங்களில் சிபி1 மிகக் குறைவு. ஓபியம் வகை மருந்துகளின் ஏற்பிகள் அங்கே நிறைய உள்ளன. அதனால்தான் அவற்றின் மிகையளவு மூச்சை நிறுத்துகிறது, கஞ்சா பெரியவர்களுக்கு அப்படிச் செய்வதில்லை. இதைக் ‘கஞ்சாவால் யாரும் சாக முடியாது’ என்று நீட்டிச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. கஞ்சா கலந்த தின்பண்டங்களைத் தெரியாமல் சாப்பிட்ட சிறு குழந்தைகள் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய், சுவாச உதவி தேவைப்படும் நிலையை அடைந்திருக்கிறார்கள். இதயநோய் உள்ளவர்களுக்குக் கூடும் இதயத்துடிப்பே சுமையாகிறது.

புகையும் உணவும் ஏன் வேறு வேறு

புகைத்தால் டிஎச்சி நுரையீரலிலிருந்து நேராக இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டுகிறது. புகையில் உள்ளதில் ஏறத்தாழ 10 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேர்கிறது. விளைவு உடனே தெரிவதால், போதும் என்று நிறுத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.

விழுங்கினால் கதை வேறு. டிஎச்சி குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெரும்பகுதி அங்கேயே மாற்றப்படுவதால் இரத்தத்தில் சேர்வது பத்தில் ஒரு பங்கை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான். ஆனால் அந்த மாற்றத்தில் உருவாகும் 11-ஹைட்ராக்சி-டிஎச்சியும் போதை தருவதே. மூளைக்குள்ளும் எளிதில் நுழைகிறது. உச்சத்தை அடைய ஒன்று முதல் இரண்டு மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். அரை மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு துண்டு எடுத்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர நேர்கிறது.

கல்லீரல் அடுத்த கட்டத்தில் செயலற்ற கார்பாக்சி வடிவத்தை உருவாக்குகிறது. சிறுநீர்ச் சோதனை தேடுவது இதைத்தான். டிஎச்சி கொழுப்புத் திசுவில் தங்கி மெல்லக் கசிவதால், ஒருமுறை பயன்படுத்தியவரிடம் சில நாள்களும், தொடர்ந்து பயன்படுத்துபவரிடம் பல வாரங்களும் சோதனை நேர்மறையாக வரும். அந்த முடிவு ‘உடலுக்குள் போயிருந்தது’ என்பதை மட்டுமே சொல்லும். சோதனை நேரத்தில் போதையில் இருந்தாரா என்பதைச் சொல்லாது. மதுவின் இரத்த அளவுக்கும் தள்ளாட்டத்துக்கும் உள்ள நெருங்கிய தொடர்பு டிஎச்சிக்கு இல்லை. சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் இதில் திணறுவதற்கு அறிவியல் காரணம் இதுவே.

சிபிடி: வேறொரு பொருள், வேறொரு பாதை

சிபிடி, 2-ஏஜியும் டிஎச்சியும் பொருந்தும் இடத்தில் சரியாகப் பொருந்துவதில்லை. ஏற்பியின் வேறோர் இடத்தில் ஒட்டி அதன் செயலைச் சற்று மட்டுப்படுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இதைத் தவிர, வெப்பத்தையும் வலியையும் உணரும் டிஆர்பிவி1 வழி, செரட்டோனின் ஏற்பிகளில் ஒன்று, ஜிபிஆர்55 எனும் ஏற்பி எனப் பல இடங்களைத் தொடுகிறது.

2018 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவே ஆகிய இரு கடும் வலிப்பு நோய்களுக்குத் தூய சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸை ஏற்றது. இரண்டும் குழந்தைப் பருவத்தில் தொடங்குபவை. வழக்கமான மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாதவை. முறையான சோதனைகளில் தேறிய சாதனை அது. ஆனால் அந்த வெற்றியின் நிழலில் தூக்கம், மூட்டுவலி, கவலை என எல்லாவற்றுக்கும் சிபிடி எண்ணெய் விற்கப்படுகிறது. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். வலிப்புக்குத் தரப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 500 முதல் 1,000 மில்லிகிராம். கடைப் புட்டிகள் பரிந்துரைக்கும் சில பத்து மில்லிகிராமை, அந்தச் சான்றின் பெயரால் விற்பது நேர்மையல்ல. அமெரிக்காவில் இணையம்வழி வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தியவை 31 சதவீதம் மட்டுமே. 18 பொருள்களில் டிஎச்சியும் இருந்தது.

செயற்கைக் கன்னாபினாய்டுகள்

இவற்றைக் ‘கஞ்சா’ என்றே செய்திகள் சில நேரம் குறிப்பிடுகின்றன. மருந்தியலில் இது பெரும் பிழை. டிஎச்சி சிபி1 ஏற்பியின் பகுதித் தூண்டி. எவ்வளவு கொடுத்தாலும் ஏற்பியை அதன் முழுத் திறனுக்கு இயக்காது. ஜேடபிள்யூஎச்-018 போன்ற செயற்கைச் சேர்மங்கள் முழுத் தூண்டிகள். ஜான் ஹஃப்மனின் ஆய்வகம் ஏற்பியை ஆராயும் கருவிகளாக உருவாக்கிய இவற்றை, 2000களின் பிற்பகுதியில் உலர்ந்த இலைகளில் தெளித்து ‘ஸ்பைஸ்’ போன்ற பெயர்களில் விற்றார்கள். வலிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, வன்மையான மனக்குழப்பம், மரணம் வரை இவற்றால் நேர்ந்துள்ளன.

தினமும் தொடரும்போது

ஏற்பியை இடைவிடாமல் தூண்டினால், நரம்பணு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தினமும் புகைப்பவர்களின் மூளையில், குறிப்பாகப் புறணியில், சிபி1 எண்ணிக்கை குறைந்திருப்பதைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டின. ஏறக்குறைய நான்கு வாரம் நிறுத்தியபின் பெரும்பாலான பகுதிகளில் அது இயல்புக்குத் திரும்பியது. பழைய அளவு போதாமல் போவதற்கும், நிறுத்தியதும் எரிச்சலும் தூக்கமின்மையும் பசியின்மையும் வருவதற்கும் அடிப்படை இதுவே. இந்த விலகல் அறிகுறிகள் முதல் வாரத்தில் உச்சம் கண்டு, பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணிகின்றன. பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினர் அதற்கு அடிமையாகிறார்கள் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் கணக்கு. பதின்பருவத்தில் தொடங்கினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

பதின்பருவம் ஏன் தனி? முன்புற மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்கிறது. அந்தக் காலத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகள் களையப்பட்டு, தேவையானவை உறுதிப்படுகின்றன. அந்தத் தேர்வில் பங்கேற்பது அகக் கன்னாபினாய்டு அமைப்பு. கருவிலோ, நரம்பிழைகள் எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதிலேயே அதற்குப் பங்கு இருக்கிறது. டிஎச்சி நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, தாய்ப்பாலிலும் சேர்கிறது. கர்ப்பகாலக் குமட்டலுக்குக் கஞ்சாவைப் பரிந்துரைக்கும் இணையக் குரல்களுக்குச் செவிசாய்க்கவே கூடாது.

மனநோய்த் தொடர்பைப் பற்றிய விவாதம் 1987இல் சூடுபிடித்தது. சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, மிகுதியாகக் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாக வந்தது. 2019இல் ஐரோப்பிய நகரங்களையும் பிரேசிலின் ஓர் இடத்தையும் சேர்த்துச் செய்த ஆய்வில், டிஎச்சி 10 சதவீதத்துக்கு மேல் உள்ள கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு, ஒருபோதும் பயன்படுத்தாதவரைவிட மனப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. நோய்க்கு மரபுச் சாய்வு உள்ளவர்களே கஞ்சாவை நாடுகிறார்கள் என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. மரபுச் சாய்வு தொடர்பின் ஒரு பகுதியை விளக்குகிறது, முழுவதையும் விளக்கவில்லை. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014க்குள் 12 சதவீதத்தை எட்டியது. முந்தைய தலைமுறையின் அனுபவத்தைச் சான்றாகக் காட்டுபவர்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு விந்தையான விளைவும் உண்டு. குமட்டலைத் தணிக்கும் இதே பொருள், பல ஆண்டுகள் தினமும் பயன்படுத்தும் சிலருக்கு அடங்காத வாந்தியை வரவழைக்கிறது. 2004இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இது முதலில் விவரிக்கப்பட்டது. வெந்நீரில் குளித்தால் தற்காலிகமாக ஆறுகிறது. கஞ்சாவை நிறுத்தினால்தான் தீர்கிறது.

மருந்தாக எங்கே நிற்கிறது

சிபிடியைத் தவிர, உறுதியான சான்று உள்ள இடங்கள் சிலவே. புற்றுநோய் வேதிச் சிகிச்சையால் வரும் குமட்டலுக்கு டிரோனபினால் 1985இலேயே அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அது ஆய்வகத்தில் தயாரித்த டிஎச்சிதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு, டிஎச்சியும் சிபிடியும் ஏறக்குறைய சம அளவில் கலந்த வாய்த்தெளிப்பு பல நாடுகளில் கிடைக்கிறது. நாள்பட்ட வலிக்குப் பலன் உண்டு; ஆனால் சராசரியாகப் பார்த்தால் அது சிறியது.

உடலின் சொந்த அமைப்பையே மருந்தால் திருத்தும் முயற்சிகளிலிருந்து கிடைத்த பாடங்கள் இன்னும் முக்கியமானவை.

1. ரிமோனபன்ட். சிபி1 பசியைக் கூட்டுகிறது என்றால், அதை அடைத்தால் எடை குறையுமே என்ற எண்ணத்தில் பிறந்த மருந்து. 2006இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. எடை குறையவும் செய்தது. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணங்களும் கூடின. 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. அகக் கன்னாபினாய்டுகள் மனநிலையைத் தாங்கி நிற்கின்றன என்பதை நோயாளிகளின் துன்பம் வழியாக அறிய நேர்ந்தது வேதனைக்குரியது.

2. ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை அடைப்பது. இந்த நொதி மிகக் குறைவாகச் செயல்படும் மரபணு மாற்றம் கொண்ட ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரைப் பற்றி 2019இல் மருத்துவ இதழ் ஒன்று விவரித்தது. அவருக்கு வலியும் பதற்றமும் ஏறக்குறைய தெரிவதே இல்லை. நினைவுமறதி மட்டும் உண்டு. இதை மருந்தால் சாதிக்கலாம் என்ற நம்பிக்கை இயல்பானதே. ஆனால் 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் அத்தகைய ஒரு மருந்தின் முதற்கட்டச் சோதனையில் பங்கேற்ற ஆரோக்கியமான தன்னார்வலர்களில் ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். அந்த மூலக்கூறு இலக்கு நொதியோடு நிற்காமல் வேறு பல நொதிகளையும் முடக்கியது பின்னர் தெரியவந்தது. இலக்கை மட்டும் அடைத்த வேறு மருந்துகள் பாதுகாப்பாக இருந்தன. மூட்டுத் தேய்மான வலியில் சோதித்த ஒன்றோ வலியைக் குறைக்கவில்லை.

இப்போது ஆய்வுகள் மூளைக்குள் நுழையாமல் குடலிலும் கல்லீரலிலும் மட்டும் சிபி1 ஏற்பியை அடைக்கும் சேர்மங்களையும், போதை தராத சிபி2 தூண்டிகளையும் நாடுகின்றன.

மற்ற மருந்துகளோடு சேரும்போது

டிஎச்சியையும் சிபிடியையும் கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகள் கையாளுகின்றன. பல மருந்துகளை வெளியேற்றுவதும் அதே நொதிகள்தான். சிபிடி இவற்றுள் சிலவற்றை மந்தமாக்குவதால், வலிப்புக்குத் தரும் குளோபசாமின் செயல்வடிவம் இரத்தத்தில் பல மடங்கு கூடி மிகுந்த தூக்கக்கலக்கத்தை உண்டாக்கும். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபாரினின் விளைவு கூடி இரத்தக்கசிவு நேரலாம். வால்புரோயேட்டோடு சிபிடி சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதால், இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் கஞ்சா பயன்படுத்துவதை மருத்துவரிடம் சொல்வதும் அவசியம். தொடர்ந்து கஞ்சா பயன்படுத்துபவர்களுக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். சற்றுமுன் புகைத்திருந்தால் இதயத்துக்கு ஆபத்து கூடும். அமெரிக்காவின் வட்டார மயக்கவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மயக்க மருந்து பெறவிருக்கும் எல்லா நோயாளிகளிடமும் கஞ்சாவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறது: எந்த வகை, எவ்வளவு, புகைத்தாரா விழுங்கினாரா, கடைசியாக எப்போது.